ராத்திரி வார்டில் இவ்வளவு சத்தம் ஏன்? நோயாளி தூங்க என்ன செய்யலாம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ் நான். "சிஸ்டர், தூங்கவே முடியல" என்று யாராவது சொல்லாமல் எந்த ராத்திரியும் கழிவதில்லை. நோயாளிகள், கூட இருப்பவர்கள், சில சமயம் சின்ன மருத்துவமனை நடத்துபவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டதை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரின்னா சத்தம் இருக்கத்தானே செய்யும்? இதை ஏன் பெரிசு பண்றீங்க?

கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் இப்போது இருக்கும் அளவுக்கு இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ராத்திரி வார்டில் என்னென்ன கேட்கிறது என்று ஒருமுறை கண்ணை மூடிக் கவனித்துப் பாருங்கள். ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிடுகிறது. ஸ்டீல் ட்ரேயைக் கல் மேடையில் 'டங்' என்று வைக்கிறார்கள். ஸ்டூலைத் தூக்காமல் இழுக்கிறார்கள். யார் போனிலோ வீடியோ ஓடுகிறது. கழிவறைக் கதவு அறைந்து சாத்தப்படுகிறது. இதில் ஒன்றுகூட சிகிச்சைக்குத் தேவையானது இல்லை.

சரி, ரெண்டு நாள் தூங்கலைன்னா என்ன ஆயிடும்? மருந்துதானே குணப்படுத்துது?

மருந்து அதன் வேலையைச் செய்யும். மீதி வேலை உடம்புடையது, அதற்குத் தூக்கம் வேண்டும். ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் இறங்குகின்றன. தூக்கம் கெட்டால் அதே வலி கூடுதலாகத் தெரியும். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சர்க்கரை ஏறும். நோய் எதிர்ப்புச் சக்தியும் தளரும். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்கு இந்த மூன்றுமே எதிரிகள்.

இன்னொன்று. "நல்லாத்தான் தூங்கினார்" என்று கூட இருந்தவர் சொல்வார். ஆனால் சத்தம் கேட்கும்போது முழுசாக விழிக்காமலே மூளை ஒரு நொடி உலுக்கி எழும். இதயத் துடிப்பு எகிறும். ஆழ்ந்த தூக்கம் மேலோட்டமான தூக்கமாகிவிடும். காலையில் நோயாளிக்கு எதுவும் நினைவிருக்காது. அலுப்பு மட்டும் மிஞ்சும்.

எவ்வளவு சத்தம் வரைக்கும் பரவாயில்லை? கணக்கு ஏதாவது இருக்கா?

இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, நோயாளிகள் படுத்திருக்கும் அறைக்குள் ராத்திரி சராசரி 30 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. இடையில் வரும் திடீர்ச் சத்தங்களும் 40ஐத் தாண்டக் கூடாது. சாதாரணமாக இரண்டு பேர் பேசிக்கொள்வதே 60 டெசிபெல் பக்கம் வரும் என்றால், இந்த 30 எவ்வளவு அமைதி என்று புரியும்.

நிலவரம் இதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் தங்கள் மருத்துவமனையை அளந்து 2005இல் வெளியிட்டார்கள். பல நாடுகளில் அதுவரை வெளியான அளவீடுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். 1960இல் ராத்திரியில் சராசரியாக 42 டெசிபெல் இருந்தது, 2005க்குள் 60 ஆகியிருந்தது. பகல் 57இலிருந்து 72க்குப் போயிருந்தது. டெசிபெல் சாதாரண கூட்டல் கணக்கு அல்ல. 10 ஏறினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும். ஆக, அந்த ராத்திரிகள் காதுக்கு மூன்று மடங்குக்கும் மேல் சத்தமாகிவிட்டன.

போனில் இருக்கும் டெசிபெல் செயலி துல்லியமானது அல்ல. ஆனாலும் தலையணை பக்கத்தில் வைத்து, கதவு திறந்திருக்கும்போது எவ்வளவு, சாத்தினால் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

எனக்கு ஃபேன் சத்தம் தொந்தரவே இல்ல, ஆனா பீப் பீப்னா தூக்கமே போயிடுது. அது ஏன்?

உங்கள் அனுபவம் சரிதான். ஒரே சீராக ஓடும் சத்தத்தை மூளை ஒதுக்கிவிடும். திடீரென்று வருவதையும், தனக்குச் சொல்லப்படுவது போல இருப்பதையும் ஒதுக்காது. 2012இல் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 12 பேரைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்து, மருத்துவமனையில் பதிவுசெய்த 14 விதமான சத்தங்களைக் கேட்க வைத்தார்கள். போன் மணியும், மருந்தை நரம்பில் ஏற்றும் டிரிப்ஸ் பம்பின் அலாரமும் மிகக் குறைந்த அளவிலேயே ஆளை எழுப்பிவிட்டன. அடுத்த இடத்தில் மனிதப் பேச்சும் இருந்தது. வெளியே போகும் வண்டி, ஹெலிகாப்டர் சத்தமெல்லாம் அதே அளவில் அவ்வளவாக எழுப்பவில்லை.

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டிலுக்கு மூன்றடி தள்ளி நின்று டாக்டரும் உறவினரும் கிசுகிசுவென்று பேசுவது சாதாரணப் பேச்சைவிட மோசம். 'என்னைப் பத்தித்தான் ஏதோ சொல்றாங்க' என்று நோயாளியின் காது முழுக்க அங்கேயே இருக்கும். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859லேயே இதை எழுதிவிட்டார். சத்தத்தின் அளவைவிட, மனதில் எதிர்பார்ப்பைக் கிளப்பும் சத்தமே நோயாளியைப் பாதிக்கிறது என்பது அவர் கருத்து. அறைக்குள் கிசுகிசுப்பதையும் அவர் கடுமையாகக் கண்டித்தார். பேச வேண்டியிருந்தால் வெளியே போய்ப் பேசுங்கள். இல்லையென்றால் அவருக்கும் கேட்கும்படி தெளிவாகப் பேசுங்கள்.

அந்த மெஷின் ஏன் நிக்காம கத்திக்கிட்டே இருக்கு? அப்பாவுக்கு ஏதாவது ஆபத்தா?

பெரும்பாலும் ஆபத்து இல்லை, ஆனால் நர்ஸ் வந்து பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும். வழக்கமான காரணங்கள் சில உண்டு. ஊசி முழங்கை மடிப்பில் போட்டிருந்தால், தூக்கத்தில் கையை மடக்கியதும் குழாய் அடைபட்டு பம்ப் கத்தும். முடிந்தவரை முன்கையில் போடச் சொல்லிக் கேட்கலாம். நரம்பு கிடைத்தால் போடுவார்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் நழுவினாலும், விரல் ஜில்லென்று இருந்தாலும், நகப்பாலிஷ் போட்டிருந்தாலும் அளவு குறைவாகக் காட்டி அலாரம் வரும். பிரஷர் பட்டையும் கிளிப்பும் ஒரே கையில் இருந்தால், பட்டை காற்றேறி இறுகும் ஒவ்வொரு முறையும் கிளிப்புக்கு ரத்தம் வராமல் மானிட்டர் கத்தும். கிளிப்பை மறு கைக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. நெஞ்சில் ஒட்டிய வட்ட ஒட்டிகள் வியர்வையில் காய்ந்தோ கழன்றோ போனாலும் இதே கதைதான்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ஒன்று. பம்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் போன் சார்ஜர் மாட்டுகிறார்கள். கழிவறைக்குக் கூட்டிப்போகக் கழற்றினால் திரும்ப மாட்ட மறந்துவிடுகிறார்கள். பம்ப் பேட்டரியில் ஓடி, நடுச்சாமத்தில் பேட்டரி இறங்கிக் கத்த ஆரம்பிக்கும். அப்போதும் யாரும் கவனிக்காவிட்டால் மருந்தே நின்றுவிடும். கட்டிலைச் சுற்றி இருக்கும் பிளக் பாயின்ட் எதையும் கேட்காமல் தொடாதீர்கள்.

அலாரத்தை நானே பட்டன் அழுத்தி நிறுத்தலாமா? சிஸ்டர் அப்படித்தானே பண்றாங்க?

வேண்டாம். நர்ஸ் அந்தப் பட்டனை அழுத்தும் முன் திரையையும் ஆளையும் ஒரு பார்வை பார்த்திருப்பார். நீங்கள் நிறுத்தினால், அலாரம் வந்ததே அவருக்குத் தெரியாமல் போகலாம். கால் பெல் அழுத்துங்கள், அல்லது நர்ஸ் மேசைக்குப் போய்ப் படுக்கை எண்ணைச் சொல்லுங்கள். எத்தனை தடவை வந்தாலும் கூச்சப்பட வேண்டியதில்லை. "இதே அலாரம் மறுபடி மறுபடி வருது, காரணத்தைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டால், முந்தைய பதிலில் சொன்ன விஷயங்களை அவரே சரிபார்ப்பார்.

அப்போ ஆஸ்பத்திரியே அலாரத்தைக் குறைக்க வேண்டியதுதானே? குறைச்சா எதையாவது தவற விட்டுடுவாங்களோ?

இதில் பலரும் நினைப்பது தலைகீழானது. அலாரம் அதிகமானால்தான் தவற விடுகிறோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில், 77 படுக்கைகள் கொண்ட ஐ.சி.யூ.க்களில் 31 நாட்களில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட அலாரங்கள் பதிவாகின. காதுக்குக் கேட்டவை மட்டும் ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 187. இது 2014இல் வெளியான கணக்கு. இத்தனை கேட்டால் எந்தக் காதும் மரத்துப்போகும். அமெரிக்காவின் மருத்துவமனைத் தர அமைப்பான ஜாயின்ட் கமிஷன், 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை தன்னிடம் வந்த அலாரம் தொடர்பான 98 சம்பவங்களை வெளியிட்டது. அதில் 80 மரணங்கள்.

குறைக்க வழி உண்டு. பாஸ்டன் மெடிக்கல் சென்டரில் ஓர் இதய வார்டில் இதயத் துடிப்பு அலாரத்தின் எல்லைகளை மாற்றி அமைத்தார்கள். நோயாளிக்குத் தகுந்தபடி மாற்றும் அதிகாரத்தை நர்சுகளுக்கும் கொடுத்தார்கள். வாரத்துக்குச் சுமார் 88,000 இருந்த ஒலி அலாரங்கள் 10,000க்கும் கீழே வந்தன. வழக்கமாகவே துடிப்பு 52இல் இருக்கும் ஒருவருக்கு எல்லையை 60இல் வைத்திருந்தால் ராத்திரி முழுக்கக் கத்தும், அவ்வளவுதான் விஷயம். தோலைச் சுத்தம் செய்து நெஞ்சு ஒட்டிகளைத் தினமும் மாற்றினாலே வீண் அலாரம் கணிசமாகக் குறைகிறது.

ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி பிரஷர் பார்க்கணுமா? அஞ்சு மணிக்கு ரத்தம் வேற எடுக்கிறாங்க!

சிலருக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்த முதல் ராத்திரி, காய்ச்சல் ஏறி இறங்குபவர், ரத்தம் ஏற்றப்படுபவர், தலையில் அடிபட்டவர் போன்றவர்களை எழுப்பித்தான் ஆக வேண்டும். அதில் பேரம் கிடையாது.

ஆனால் நாளை வீட்டுக்குப் போகப்போகிறவரையும் அதே கடிகாரத்தில் எழுப்புவது பழக்கம், அவ்வளவே. சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் செய்த ஆய்வில், நிலை மோசமாகும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தவர்களையும் ராத்திரியில் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவேதான் எழுப்பியிருந்தார்கள். மாலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "சார், இன்னிக்கு ராத்திரி பார்க்கிறதை பத்து மணிக்கும் ஆறு மணிக்கும் வெச்சுக்கலாமா?" அவர் கேஸ் ஷீட்டில் எழுதினால் நாங்கள் எழுப்ப மாட்டோம். எழுதாவிட்டால் நாங்களாகத் தவிர்க்க முடியாது.

விடிகாலை ரத்தம் எடுப்பது, காலை ரவுண்ட்ஸுக்குள் ரிசல்ட் வர வேண்டும் என்பதற்காக. அவசரமில்லாத பரிசோதனையைத் தள்ளி வைக்க முடியுமா என்று இதையும் சேர்த்தே கேட்கலாம். மாத்திரை, பிரஷர், ரத்தம் என்று மூன்று முறை எழுப்பாமல் ஒரே தடவையில் முடிக்கச் சொல்வதும் நியாயமான கோரிக்கைதான்.

கூட இருக்கிற நாங்க என்ன செய்யணும்?

போனை வைப்ரேஷனில்கூட வைக்காமல் முழுசாகச் சைலன்ட்டில் போடுங்கள். இரும்பு லாக்கர் மேல் வைப்ரேட் ஆகும் போன் வார்டையே எழுப்பும். ஒன்பது மணிக்குள் பாத்திரம் கழுவி, பிளாஸ்க் நிரப்பி, காலைக்கு வேண்டியதைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். நடுராத்திரியில் பிளாஸ்டிக் கவரைத் துழாவும் சத்தம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிது. ஸ்டூலைத் தூக்கி வையுங்கள். ஒருவர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பேர் வேண்டாம். மூன்று பேர் இருந்தால் பேச்சு வரத்தான் செய்யும்.

காதுல பஞ்சு வெச்சுக்கலாமா? இல்ல ஒரு தூக்க மாத்திரை?

பஞ்சு பெரிதாகத் தடுக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற நுரை அடைப்பான் தடுக்கும்: உருட்டி மெல்லிசாக்கிக் காதில் விட்டு, அது விரியும்வரை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் இதைப் போட்டுத் தூங்கியவர்களுக்கு மனக்குழப்பம் குறைவாக இருந்தது என்று 2012இல் எழுதினார்கள். காதில் சீழ், காயம், சமீபத்திய அறுவை சிகிச்சை இருந்தால் கூடாது. தானாகக் கழற்ற முடியாதவருக்கு நர்சிடம் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும்.

தூக்க மாத்திரை வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுக்கவே கூடாது. குறிப்பாக வயதானவர்களுக்கு. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் தூக்கம் வரும் மாத்திரையும் இதில் சேர்த்தி. குழப்பம் வரும், கழிவறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பு முறியும், மூச்சும் மந்தமாகலாம்.

ஐ.சி.யூ.ல அப்பா ராத்திரியானா சம்பந்தமில்லாம பேசுறார், டியூபைப் பிடுங்குறார். மூளை பாதிச்சிடுச்சா?

பெரும்பாலும் இது டெலிரியம் எனப்படும் தற்காலிகக் குழப்பம். நோய், மருந்து, வலி, தூக்கமின்மை, ராத்திரி பகல் தெரியாத வெளிச்சம், சத்தம் எல்லாம் சேர்ந்து கொண்டுவருவது. திடீரென்று வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். தொற்றோ உப்புச்சத்துக் குறைவோ பின்னால் இருக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய. பகலில் அவர் கண்ணாடியையும் காது மெஷினையும் போட்டுவிடுங்கள். "அப்பா, இன்னிக்கு செவ்வாய்க்கிழமை, சாயந்தரம் நாலு மணி, நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க" என்று பார்வை நேரத்தில் நிதானமாகச் சொல்லுங்கள். பகலில் ஜன்னல் திரையைத் திறக்கவும், ராத்திரி விளக்கைக் குறைக்கவும் நர்சிடம் கேளுங்கள். அவர் உளறுவதைத் திருத்தி வாதாட வேண்டாம்.

எங்க பாப்பா குறைமாதம், இன்குபேட்டர்ல இருக்கு. கண்ணாடிக்குள்ள சத்தம் கேட்காதுதானே?

கேட்கும். சில சத்தங்கள் உள்ளே இன்னும் பெரிதாகவே கேட்கும். இன்குபேட்டர் மேல் பால் பாட்டில் வைப்பது, மூடியை விரலால் தட்டிக் கூப்பிடுவது, கைவிடும் கதவைப் படாரென்று மூடுவது எல்லாம் குழந்தையின் காதருகே இடிபோல விழும். பச்சிளங்குழந்தைகள் ஐ.சி.யூ.வில் 45 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1997லேயே சொல்லிவிட்டது. அதற்காக அமைதி என்று அம்மா பேசாமலே இருக்க வேண்டாம். டாக்டர் அனுமதித்து நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும்போது மெல்லிய குரலில் பேசுங்கள். அந்தக் குரல் பாப்பாவுக்கு வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசல்ல கோயில் ஸ்பீக்கர், பஸ் ஹாரன். யார்கிட்ட சொல்றது?

இந்தியாவின் ஒலி மாசு விதிகள், 2000இன்படி அமைதி மண்டலத்தில் பகலில் 50, ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 40 டெசிபெல்தான் எல்லை. மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அப்படி அறிவிக்கலாம். இது வெளியே அளக்கும் அளவு. முன்பு சொன்ன 30 அறைக்கு உள்ளே. 2010 திருத்தத்தின்படி அங்கே அவசரம் தவிர எந்த நேரத்திலும் ஹாரன் அடிக்கவும் கூடாது.

ஒரு சிக்கல் உண்டு. 2017 திருத்தத்துக்குப் பிறகு, மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டால்தான் அந்த இடம் அமைதி மண்டலம். போர்டு மாட்டினால் மட்டும் போதாது. மருத்துவமனை நிர்வாகம் ஆட்சியரிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் திறந்தவெளி ஒலிபெருக்கிக்கு எல்லா இடத்திலும் பொதுவான தடை இருக்கிறது, அதற்கு மண்டல அறிவிப்பு தேவையில்லை. 100 அல்லது 112க்குக் கூப்பிட்டுச் சொல்லலாம்.

நான் சின்ன நர்சிங் ஹோம் நடத்துறேன். லட்சக்கணக்கில செலவு பண்ணாம என்ன செய்ய முடியும்?

முதலில் கீலுக்கு எண்ணெய், சக்கரத்துக்கு ரப்பர், ஸ்டூல் காலுக்கு ரப்பர் குப்பி, கதவு விளிம்புக்கு நுரை ஒட்டுநாடா, நர்ஸ் மேசைப் போனின் மணியை ராத்திரி குறைப்பது. ட்ரே வைக்கும் கல் மேடையில் ஒரு ரப்பர் விரிப்பு. ராத்திரி பத்துக்கு வராந்தா விளக்கைப் பாதியாக்குங்கள். வெளிச்சம் குறைந்தால் எல்லோர் குரலும் தானாக இறங்கும்.

கொஞ்சம் பணம் இருந்தால் கூரையில் போடுங்கள். நம் கட்டடங்களில் டைல்ஸ் தரை, சுண்ணாம்புச் சுவர், சிமென்ட் கூரை என்று எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிப்பவை. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் அருகே ஹூடிங்கே மருத்துவமனையின் இதய ஐ.சி.யூ.வில், கூரைத் தகடுகளை மட்டும் மாற்றி மாற்றிப் பொருத்தி ஆராய்ந்து, 2005இல் வெளியிட்டார்கள். சத்தத்தை உறிஞ்சும் தகடு இருந்த காலத்தில் படுத்திருந்தவர்கள் திரும்ப அட்மிட் ஆனது குறைவு. நர்சுகளின் நடத்தையையும் அவர்கள் மேலாக மதிப்பிட்டார்கள். அதே நர்சுகள், வேறு கூரை. வாங்கும்போது கழுவித் துடைக்கக் கூடிய, மருத்துவமனைக்கென்றே வரும் தகடாகப் பாருங்கள். துணி, சாதாரண நுரை போன்றவை பூஞ்சையையும் கிருமியையும் சேர்க்கும்.

உண்மையைச் சொல்லுங்க, சத்தம் குறைஞ்சா சீக்கிரம் குணமாகும்னு நிரூபணம் இருக்கா?

தூக்கம் கெட்டால் உடம்பு கெடும் என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதற்கும் இருக்கிறது. ஆனால் 'வார்டை அமைதியாக்கினோம், இத்தனை நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள்' என்று அடித்துச் சொல்லும் பெரிய ஆய்வுகள் குறைவு. ஹூடிங்கே போன்றவை ஒரே இடத்தில் நடந்த சின்ன ஆய்வுகள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஐ.சி.யூ.வில் விளக்கைக் குறைத்து, அறிவிப்புகளை நிறுத்தி, காது அடைப்பானும் கண் பட்டையும் கொடுத்தபோது டெலிரியம் குறைந்தது என்று 2013இல் எழுதினார்கள். ஆனால் 'நன்றாகத் தூங்கினீர்களா' என்று கேட்டுப் போட்ட மொத்த மதிப்பெண் குறிப்பிடும்படி மாறவில்லை. என் எண்ணத்தில், கீலுக்கு எண்ணெய் விட அதைவிடப் பெரிய ஆதாரத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

நர்சுங்களே சத்தமா சிரிச்சுப் பேசுறாங்க. சொன்னா கோவிச்சுக்கிட்டு சரியா கவனிக்க மாட்டாங்களோன்னு பயம்.

இந்தப் பயம் நிறைய பேருக்கு இருக்கிறது, அதனாலேயே யாரும் சொல்வதில்லை. தூக்கக் கலக்கத்தை விரட்டத்தான் பல நேரம் நாங்கள் பேசுகிறோம். மேசையில் பேசுவது எதிர்ப் படுக்கைக்கு எவ்வளவு கேட்கிறது என்பது மேசையில் இருப்பவருக்குத் தெரியாது. "சிஸ்டர், அம்மாவுக்கு இப்பதான் கண் அசந்துச்சு" என்று மெதுவாகச் சொன்னால் போதும். குற்றம் சொல்வதைவிட இது வேலை செய்யும். பக்கத்துப் படுக்கைக்காரர் போனில் பேசினாலும் இதே வார்த்தைதான். அதற்கும் கேட்காவிட்டால் நேராகச் சண்டைக்குப் போகாமல் நர்சிடம் விடுங்கள்.

மாறவில்லை என்றால் காலையில் வார்டு இன்சார்ஜைப் பாருங்கள். "எப்பவும் சத்தம்" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "ராத்திரி பன்னிரண்டரைக்கு ஸ்டோர் ரூம் கதவு, மூணு மணிக்கு ஆக்சிஜன் சிலிண்டரைத் தரையில உருட்டினாங்க" என்று நேரமும் இடமும் சேர்த்துச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் அன்று தரும் கருத்துப் படிவத்திலும் அதையே எழுதுங்கள்.